மரம் நகரும், உடலும் நகரும்

ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் மூலையில், சித்தூர் மாவட்டத்தின் மேட்டுநிலத்தில் இருக்கிறது ராமகுப்பம். தெலுங்கும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி. கோடைப் பகல் எவ்வளவு காய்ந்தாலும் மாலை இறங்கினால் வாசலில் உட்காரலாம். பக்கத்துக் குப்பத்தைச் சுற்றி வெட்டியெடுக்கப்படும் பச்சைநிற கிரானைட் ‘குப்பம் கிரீன்’ என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிறது. கல்லுக்குப் பஞ்சமில்லாத மண் என்பதால் இங்கே பழைய வீடுகளின் திண்ணைகளுக்குக் கல்லே இருக்கை. இப்போது கட்டும் வீடுகளில் திண்ணை போய், டைல்ஸ் பதித்த சிட்-அவுட் வந்துவிட்டது. அதில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடக்கின்றன.

அந்த இடத்தில் தாத்தா காலத்து ஈசிச்சேர் மாதிரி, நீண்ட கைகள் வைத்த மர நாற்காலி ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல ஆசை. ஆனால் போனில் படத்தைக் காட்டி “இதே மாதிரி” என்று சொன்னால் தச்சர் கையில் உருவம் வந்துவிடும், சுகம் வந்துவிடாது. பழைய வாசல் நாற்காலிகளைச் செய்தவர்கள் இரண்டு அசைவுகளுக்கு இடம் விட்டார்கள். ஒன்று, பருவத்துக்குப் பருவம் விரிந்து சுருங்கும் மரத்தின் அசைவு. மற்றது, பத்து நிமிடம்கூட ஒரே நிலையில் இருக்க முடியாத மனித உடலின் அசைவு. இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் ராமகுப்பத்து மாமரத்திலேயே அருமையான நாற்காலி செய்யலாம். புரிந்துகொள்ளாவிட்டால் பர்மா தேக்கும் உதவாது.

தோலிலிருந்து தொடங்கலாம். பிற்பகல் வெயில் பட்டு ஓர் இரும்பு நாற்காலி, ஒரு கல் பெஞ்சு, ஒரு மரப்பலகை மூன்றும் 50 டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெப்பமானி மூன்றுக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டும். கை வைத்தால் இரும்பு பொசுக்கும், கல் சுடும், மரத்தில் தாராளமாக உட்காரலாம். தொட்ட கணத்தில் தோலும் பொருளும் சேர்ந்து, இரண்டின் வெப்பநிலைக்கும் நடுவே ஓர் இடத்துக்கு வருகின்றன. அந்த நடு யார் பக்கம் சாய்கிறது என்பது, எந்தப் பொருள் வெப்பத்தை வேகமாகக் கொடுக்கவும் வாங்கவும் வல்லது என்பதைப் பொறுத்தது. பொருளின் வெப்பக் கடத்துதிறன், அடர்த்தி, வெப்பக் கொள்ளளவு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வல்லமை எண்ணாகக் கிடைக்கும். 34 டிகிரியில் இருக்கும் தோலை வைத்துக் கணக்கிட்டால், இரும்பைத் தொடும் இடம் 48 டிகிரியைத் தாண்டுகிறது. கிரானைட்டில் 45 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மரத்தில் 38, 39 டிகிரிதான். தோலில் சூட்டு வலியை உணரும் நரம்பு முனைகள் விழித்துக்கொள்வது ஏறக்குறைய 43 டிகிரியில். மரம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

மார்கழி விடியலில் கணக்கு திரும்பும். வாசல் 15 டிகிரிக்குக் குளிர்ந்திருந்தால் கல் பெஞ்சைத் தொட்ட தோல் சுமார் 21 டிகிரிக்கு இறங்கிவிடும், மரத்தைத் தொட்டது 29 டிகிரியில் நிற்கும். இந்த ஒரு விஷயத்தில் பிளாஸ்டிக்கும் மரத்துக்கு அதிகம் தாழ்ந்ததில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதன் குறைகள் வேறு. முதுகுக்குக் காற்று போகாது, வெயிலில் சில வருடங்களில் நொறுங்கும், உடைந்தால் செப்பனிட வழியில்லை.

தோலுக்கு அடுத்தது எலும்பு. நாம் உட்காரும்போது உடலின் மேற்பாதி எடையில் பெரும்பங்கு இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு குமிழ்களின் மீது இறங்குகிறது. உள்ளங்கையை அடியில் வைத்து உட்கார்ந்தால் இரண்டும் தட்டுப்படும். சமதளப் பலகையில் அந்த இரண்டு சிறிய இடங்களில் மட்டும் அழுத்தம் குவிகிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்க 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும் என்பது 1930 வாக்கில் இங்கிலாந்தில் லாண்டிஸ் என்ற ஆய்வாளர் செய்த அளவீட்டிலிருந்து வந்த மதிப்பு. கட்டைப் பலகையில் உட்காரும்போது குமிழ்களின் அடியில் இதைப்போலப் பல மடங்கு அழுத்தம் ஏறுகிறது. ரத்தம் போகாத இடம் மரத்துப்போகிறது, நாம் நெளிகிறோம். இருக்கையைக் கொஞ்சம் குழித்தாலோ, அமுங்கிக் கொடுக்கும் பின்னலாக அமைத்தாலோ எடை தொடைகளுக்கும் பரவி அழுத்தம் குறைகிறது. தடித்த மெத்தையும் இதைச் செய்யும்தான். ஆனால் தாழ்வாரத்து மெத்தை மழைச்சாரலில் நனையும், தூசி பிடிக்கும், வியர்வை வாங்கும். மரத்திலேயே செய்ய முடிந்ததை மரத்திலேயே செய்வது மேல்.

முதுகெலும்பின் கதை இன்னும் சுவையானது. 1960-களில் சுவீடனைச் சேர்ந்த ஆல்ஃப் நாக்கெம்சன், உயிருள்ளவர்களின் முதுகெலும்பு வட்டுகளுக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் நிற்பதைவிட வட்டின் மேல் அழுத்தம் கூடுகிறது என்றார். நேராக நிமிர்ந்து உட்கார் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுத்த காலத்தில் இது பெரிய சேதி. 1999-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில் வில்கேயின் குழு நவீனக் கருவியால் மறுபடி அளந்தது. ஒரே ஒருவரின் உடலில் எடுத்த அளவு அது. தளர்வாக நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல், சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தால் 0.46, நாற்காலியில் சரிந்து சாய்ந்தால் 0.3-க்கும் கீழே. நிற்பதா உட்காருவதா எது மோசம் என்பதில் இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. பின்னால் சாய்ந்தால் வட்டின் சுமை குறைகிறது என்பதில் சுவீடன் அளவீடுகளும் உல்ம் அளவீடும் ஒரே பக்கம் நிற்கின்றன. மேற்பாதி உடலின் எடையில் ஒரு பங்கை முதுகுப்பலகை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. வளர்ந்தவர்களின் முதுகெலும்பு வட்டுக்குள் ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊட்டம் மெல்ல ஊறித்தான் உள்ளே போக வேண்டும், அழுத்தம் ஏறி இறங்கும் அசைவு அந்த நீர் பரிமாற்றத்துக்குத் துணை நிற்கிறது. ஆகவே உடலை ஓர் அச்சில் பொருத்தி அசையவிடாமல் பிடிக்கும் நாற்காலி, எவ்வளவு அளவெடுத்துச் செய்திருந்தாலும், கெட்ட நாற்காலி. காலை மாற்றிப் போடவும், ஒருக்களித்து உட்காரவும், சம்மணமிடவும் அகலம் வேண்டும். நம் வீடுகளில் நாற்காலியின் மேலும் சம்மணமிட்டு உட்காருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக இருக்கை அகலம் 55 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

சாய்மானத்தை மட்டும் சரித்துவிட்டு இருக்கையைச் சமமாக விட்டால் ஒரு தொல்லை வரும். முதுகு பலகையில் சாயும்போது பலகை நம்மைத் திருப்பி முன்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலை எதிர்க்க, அடியில் இருக்கும் உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. பாலிஷ் போட்ட மரத்தில் வேட்டியோடு உட்கார்ந்தால் உராய்வு குறைவு, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக்கொண்டே இருப்போம். அதைத் தடுக்கக் கால் தசைகள் நமக்குத் தெரியாமலே உழைக்கும், அரைமணியில் கால் வலிக்கும். இருக்கையின் பின்பக்கத்தை 10 முதல் 12 டிகிரி இறக்கினால் உடலின் எடையே நம்மைப் பின்னால் இழுத்து அந்தத் தள்ளலைச் சமன் செய்துவிடும். முதுகுப்பலகை செங்குத்திலிருந்து 25 டிகிரி சாய்ந்திருந்தால் இருக்கைக்கும் முதுகுக்கும் இடையிலான கோணம் 103 டிகிரியை ஒட்டி வரும். 1903-ல் அமெரிக்காவின் வெஸ்ட்போர்ட் ஊரில் தாமஸ் லீ என்பவர் தன் வீட்டு முற்றத்துக்காகச் செய்து பார்த்து, பின்னால் அடிரோண்டாக் நாற்காலி என்று உலகம் முழுக்கப் பரவிய வடிவத்திலும், நம் தோட்டத் துரைமார் பங்களாக்களின் ஈசிச்சேரிலும் வேலை செய்வது இந்தச் சமன்பாடுதான்.

அந்த இரண்டு வடிவங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் மிகத் தாழ்வு. உட்காரச் சுகம், எழுந்திருப்பது பாடு. இருக்கை தாழத் தாழ எழும்போது முழங்கால் மூட்டின் மேல் விழும் சுமை கூடுகிறது. வாசல் நாற்காலியில் அதிக நேரம் உட்காரப்போவது வீட்டின் மூத்தவர். இருக்கையின் முன்விளிம்பு தரையிலிருந்து 42 சென்டிமீட்டராவது இருக்கட்டும். 45 சென்டிமீட்டர் ஆழத்தில் 10 டிகிரி சரிவு கொடுத்தால் பின்பக்கம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கி 34-ல் நிற்கும், அது போதும். கைப்பலகையை இருக்கையின் முன்விளிம்பையும் தாண்டி நீட்டினால் கையூன்றி எழலாம், காபி டம்ளரும் வைக்கலாம். முன்விளிம்பை நன்றாக உருட்டி இழைக்க வேண்டும். கூரான விளிம்பு முழங்காலின் பின்புறம் ஓடும் ரத்தக்குழாயையும் நரம்பையும் அழுத்தும். வெளிநாட்டு வரைபடங்களின் அளவுகள் நீண்ட கால்களுக்கானவை. இந்திய உடல்களின் அளவுகளைத் திரட்டி, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகத் தேப்குமார் சக்கரவர்த்தி 1997-ல் வெளியிட்ட தொகுப்பு இருக்கிறது. வரைபடம் இறக்குமதியாக இருந்தாலும் அளவு நம்முடையதாக இருக்க வேண்டும்.

இனி மரம்.

வெட்டிய மரத்தின் உயிர் போய்விடுகிறது, ஈரத்தோடு அதற்குள்ள உறவு போவதில்லை. மரத்தின் செல்சுவர்கள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கின்றன. காற்றின் ஈரப்பதம் 30 சதவீதமாக நீடித்தால் மரத்தின் ஈரம் அதன் காய்ந்த எடையில் சுமார் 6 சதவீதத்தில் நிலைக்கும். 80 சதவீதமாக நீடித்தால் 15, 16 சதவீதத்துக்கு ஏறும். ராமகுப்பம் போன்ற மேட்டுநிலத்தில் பங்குனி, சித்திரை காய்ச்சலுக்கும் ஐப்பசி மழைக்கும் நடுவே மரம் இந்த வீச்சில் ஒரு பெரும்பகுதியைக் கடந்து வருகிறது. ஈரம் ஏறினால் மரம் விரிகிறது, ஆனால் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் விரிவதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் அசைவு மிக அற்பம். ஆண்டு வளையங்களைக் குறுக்கே கடக்கும் திசையில் கொஞ்சம். வளையங்களை ஒட்டிச் சுற்றும் திசையில்தான் அதிகம். பச்சை நிலையிலிருந்து முழுக்கக் காயும்வரை தேக்கு ஆரத் திசையில் சுமார் 2.5 சதவீதமும் வளையத் திசையில் சுமார் 5.8 சதவீதமும் சுருங்கும். அடக்கமான மரம் என்று பெயரெடுத்த தேக்குக்கே இந்தக் கணக்கு.

இதை ஒரு நாற்காலியில் வைத்துப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒற்றைத் தேக்குப் பலகையை இருக்கையாகப் போடுகிறோம். கோடையில் அதன் ஈரம் 8 சதவீதம், மழைக்காலத்தில் 14 சதவீதம். ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் அகலம் ஏறத்தாழ 0.2 சதவீதம் மாறும். ஆறு சதவீதத்துக்கு மூன்றரை மில்லிமீட்டர். பலகையின் இரண்டு ஓரங்களையும் ஆணியடித்துச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், கோடையில் அது சுருங்கப் பார்க்கும், சட்டம் விடாது. பலகை நடுவில் பிளந்து தன் வழியைத் தேடிக்கொள்ளும். வீட்டுக்கு வந்த மறு வருடமே வெடித்த பலகைகளில் பலவற்றின் கதை இது. “மரம் சரியில்லை” என்று பழி மரத்தின் மேல் விழும்.

பழைய நாற்காலிகளில் அகலமான ஒற்றைப் பலகை அதிகம் இருக்காது, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று, 5, 6 சென்டிமீட்டர் ரீப்பர்களை இடைவெளி விட்டு அடுக்கியிருப்பார்கள். அல்லது நான்கு பக்கமும் சட்டம் கோத்து நடுவில் பிரம்பு பின்னியிருப்பார்கள். 6 சென்டிமீட்டர் ரீப்பர் வருடம் முழுக்க முக்கால் மில்லிமீட்டர்தான் அசையும், பக்கத்தில் 6 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் அது யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியில் சாரல்நீர் வடியும், முதுகுக்குக் காற்று வரும். பிரம்புப் பின்னல் இன்னும் கெட்டிக்காரத்தனம். பிரம்பை நீரில் ஊறவைத்து ஈரத்தோடு பின்னுகிறார்கள். காயும்போது அது சுருங்கி, தட்டினால் மத்தளத் தோல்போல் ஒலிக்கும் அளவுக்கு விறைப்பாகிறது. ஆட்கள் உட்கார்ந்து உட்கார்ந்து தளர்ந்த பின்னலையும், அது அறுந்துபோகாதவரை, அடிப்புறம் நனைத்துக் காயவிட்டால் ஓரளவு மீண்டும் இறுகும். எலும்புக் குமிழ்களின் கீழ் அமுங்கிக் கொடுப்பதும் அது, சட்டம் விரிந்தால் கூடவே விரிவதும் அது. உடலின் அசைவுக்கும் மரத்தின் அசைவுக்கும் ஒரே பின்னலில் பதில் கிடைத்துவிடுகிறது. இன்றைக்குப் பிரம்பு பின்னும் கை கிடைப்பது சிரமம்தான். அதற்கு மாற்றாகப் பருத்தி நாடாவோ கித்தானோ பயன்படுத்தலாம்.

எந்த மரம்? செம்மரத்தைப் பற்றி முதலில் பேசிவிடலாம், ஏனென்றால் சித்தூர், திருப்பதி என்றாலே அந்தப் பேச்சு வரும். திருப்பதிக்கு மேலே சேஷாசலம் மலைகளிலும், கடப்பா, நெல்லூர் பக்கத்துக் குன்றுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் பெரிதாகக் காடாக வளராத மரம் அது. தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். சீனத்தில் மிங், சிங் அரசர்கள் காலத்தில் ‘ஸிதான்’ என்று போற்றிய நாற்காலிகளும் மேசைகளும் பெரும்பாலும் இந்த மரத்தால் ஆனவை எனக் கருதப்படுகிறது. அந்த மோகம்தான் இன்றும் கடத்தலை வளர்க்கிறது. 1995 முதல் செம்மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சொந்த நிலத்தில் வளர்ந்ததை வெட்டவும் வனத்துறை அனுமதி வேண்டும். வாசலில் போட்டு உட்காரும் நாற்காலிக்கு அதை நினைத்துப் பார்ப்பதே தப்பு. மலையில் நிற்கட்டும்.

தேக்கு நல்லது. அதன் வைரப் பகுதியில் இருக்கும் டெக்டோகுவினோன் போன்ற சேர்மங்கள் கரையானை அண்டவிடுவதில்லை, ரப்பர் போன்ற பொருள் ஒன்று நீரை மெல்லவே உள்ளே விடுகிறது. ஆனால் இந்தக் குணமெல்லாம் வைரத்துக்குத்தான். இளந்தேக்கில் பாதிக்குமேல் வெள்ளைப் பகுதியாக இருந்தால், பெயருக்குத் தேக்கு, பூச்சிக்கு விருந்து. கன அடிக் கணக்கில் விலை பேசும்போது பலகையின் முனையைத் திருப்பி, வெள்ளை எவ்வளவு, வைரம் எவ்வளவு என்று பார்த்துவிடுவது நல்லது.

டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரங்களின் ஆயுளைச் சோதிக்க ஒரு நேரடி வழி வைத்திருக்கிறது. மரக்கட்டைகளை வரிசையாக மண்ணில் பாதி புதைத்துவிட்டு, கரையானும் பூஞ்சையும் அவற்றை எத்தனை மாதத்தில் முடிக்கின்றன என்று காத்திருந்து பார்ப்பார்கள். மயானச் சோதனை என்றே அதற்குப் பெயர். 120 மாதங்களுக்குமேல் தாங்கினால் முதல் தரம், 60 முதல் 120 வரை இரண்டாம் தரம், அதற்குக் கீழே மூன்றாம் தரம். தேக்கின் வைரம் முதல் தரம். மாமரம் மூன்றாம் தரம்.

மாமரத்தைத் தள்ளிவிட வேண்டுமா? சித்தூர் வட்டாரமே மாந்தோப்பு. காய்ப்பு ஓய்ந்த மரங்களை வெட்டி அடுப்புக்கும் பேக்கிங் பெட்டிக்கும் அனுப்புகிறோம். ஆனால் அந்த மூன்றாம் தரம் என்பது ஈர மண்ணில் புதைத்து வைத்ததற்குக் கிடைத்த மதிப்பெண். கூரைக்கு அடியில், காய்ந்த தரையில் நிற்கும் நாற்காலிக்கு அந்தப் பரீட்சை கிடையாது. அங்கே மாமரத்தின் முதல் எதிரி உளுப்பூச்சி. மரத்தில் தங்கியிருக்கும் மாவுச்சத்துக்காக வண்டு முட்டையிடுகிறது, புழு உள்ளே இருந்து தின்று வண்டாக மாறி, முகப்பவுடர் போன்ற தூளைத் தள்ளிக்கொண்டு சிறு ஓட்டை வழியாக வெளியே வருகிறது. இதற்குப் பழைய, மலிவான மருந்து இருக்கிறது. அறுத்த பலகை பச்சையாக இருக்கும்போதே, போராக்ஸ் 3 பங்கு, போரிக் அமிலம் 2 பங்கு என்ற கணக்கில் நீரில் கரைத்து அதில் முக்கி எடுத்து, தார்ப்பாயால் மூடிச் சில வாரம் வைக்க வேண்டும். பலகையின் ஈரத்தின் வழியாகவே போரான் உள்ளே பரவும். காய்ந்த பலகைக்குள் அது போகாது, அதனால் தோப்பில் மரம் சாயும் நாளிலேயே இதைத் திட்டமிட வேண்டும். தொடர்ந்து மழையில் நனைந்தால் போரான் கரைந்து வெளியேறிவிடும். கூரைக்கு அடியில் இருக்கும் நாற்காலிக்கு அந்தக் கவலை குறைவு. கலக்கும்போது கையுறை போட வேண்டும், குழந்தைகளும் ஆடு மாடும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

வேம்பும் நல்ல மரம், மகோகனியின் குடும்பம். நார் மாறி மாறிப் பின்னி ஓடுவதால் இழைப்புளியில் பிய்ந்து வரும், தச்சர் முகம் சுளிப்பார். கூரான தகடும் பொறுமையும் இருந்தால் வழிக்கு வரும். இந்த மரங்களின் குணங்களைப் பற்றி ஐயம் இருந்தால் பெங்களூரு மல்லேசுவரத்தில் மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, ராமகுப்பத்திலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பலாம்.

எந்த மரமானாலும் காய வேண்டும். பலகைகளுக்கு நடுவே ஒரே தடிமனில் குச்சிகள் கொடுத்து நிழலில் அடுக்கி, முனைகளில் மட்டும் பெயின்ட் அடித்துவிட வேண்டும். ஈரம் பக்கவாட்டைவிட முனை வழியாகப் பல மடங்கு வேகமாக ஓடும், அடைக்காவிட்டால் முனை முதலில் காய்ந்து வெடிக்கும். காய்ந்ததா என்பதைக் கைவைத்துச் சொல்வது கடினம், தராசு சொல்லும். பலகையின் நடுவிலிருந்து ஒரு சில்லை அறுத்து எடை போடுங்கள், 130 கிராம் என்று வைப்போம். 103 டிகிரியில் ‘அவன்’ அடுப்பில் வைத்து, எடை மேலும் குறையாமல் நிற்கும்வரை காயவிடுங்கள். 115 கிராமில் நின்றால் இழந்தது 15 கிராம். 15-ஐ 115-ஆல் வகுத்தால் 13 சதவீத ஈரம். இந்த வட்டாரத்துக்கு 10 முதல் 12 சதவீதம் வந்த பிறகு உளியை எடுப்பது நல்லது.

நாற்காலி உடையும் இடம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். இருக்கையின் பக்கச் சட்டம் பின்காலோடு சேரும் மூட்டு. சாய்ந்து உட்காருபவர் இருக்கை மட்டத்துக்கு 45 சென்டிமீட்டர் மேலே 20 கிலோ எடைக்குச் சமமாக முதுகுப்பலகையைத் தள்ளுகிறார் என்று கொள்வோம். அந்தத் தள்ளல் நெம்புகோலாக மாறி இரண்டு பக்க மூட்டுகளிலும் இறங்குகிறது. சட்டம் 6 சென்டிமீட்டர் அகலம் என்றால், மூட்டுக்குள் இழுக்கும் பகுதிக்கும் அழுத்தும் பகுதிக்கும் இடையே 4 சென்டிமீட்டர்தான் தூரம். தோராயமாகக் கணக்கிட்டால் ஒவ்வொரு மூட்டையும் நூறு கிலோவுக்கு மேல் பிய்த்து இழுக்கிறது. இருக்கைக்கு 25 சென்டிமீட்டர் கீழே இன்னொரு குறுக்குச் சட்டம் போட்டுவிட்டால் அந்த இழுப்பு 20 கிலோவுக்குள் வந்துவிடும். பார்வைக்கு ஒல்லியாகத் தெரியட்டும் என்று கீழ்ச்சட்டத்தை எடுத்துவிடும் இன்றைய பாணி எனக்கு உவப்பில்லாதது இதனால்தான். 1950-களில் சண்டிகருக்காகப் பியர் ஜான்னரே வடிவமைத்த தேக்கு-பிரம்பு நாற்காலிகளில் கால்கள் தலைகீழ் ‘வி’ வடிவில் சாய்ந்து நிற்பது அழகுக்காக மட்டும் இருக்க முடியாது. நான்கு மூலை சட்டம் சாயும், முக்கோணம் சாயாது.

மூட்டை ஆணியால் இணைப்பதைவிட, ஒரு சட்டத்தின் முனையை நாக்குபோல் செதுக்கி மற்றதில் பொளித்த துளைக்குள் இறக்குவது எத்தனையோ மேல். பசை மரத்தின் பக்க நார்களைத்தான் இறுகப் பிடிக்கும், வெட்டுமுனையில் அதற்குப் பிடி குறைவு. நாக்கின் இரண்டு கன்னங்களும் பசைக்குத் தேவையான பக்க நாரைக் கொடுக்கின்றன. 36 மில்லிமீட்டர் காலுக்கு 12 மில்லிமீட்டர் நாக்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு என்பது தச்சர்களின் பொதுக்கணக்கு. வேலை தெரிந்தவர் நாக்கைத் துளையில் இறக்கிப் பார்ப்பதைக் கவனிக்க வேண்டும். கையால் தள்ளினால் பாதி போகும், மீதிக்குக் கொட்டாப்புளியால் நாலு தட்டு. முழுதும் கையாலேயே போனால் அதை ஒதுக்கிவைத்து வேறு நாக்கு செதுக்குவார். குறுக்குச் சட்டத்தைக் காலைவிடக் கூடுதலாகக் காயவைத்துக் கோத்தால், நாக்கு பின்னால் ஈரம் வாங்கி விரியும், கால் காய்ந்து இறுகும். இரண்டும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.

பசையே இல்லாத வழியும் நம் நாட்டில் பிறந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரூர்க்கி ராணுவ முகாமின் பெயரால் வழங்கிய நாற்காலியில் சட்டங்களின் முனைகள் கூம்பாகச் செதுக்கப்பட்டு, கால்களின் கூம்புத் துளைகளில் சும்மா செருகப்பட்டிருக்கும். கித்தான் இருக்கையின் இழுப்புதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஆள் உட்கார்ந்தால் மூட்டுகள் இன்னும் இறுகும். மேடுபள்ளத் தரையில் மூட்டுகள் சிறிது வளைந்து கொடுத்து நான்கு கால்களையும் தரையில் ஊன்ற வைக்கும். டென்மார்க்கின் காரே கிளின்ட் 1933-ல் செய்த ‘சஃபாரி’ நாற்காலி இதன் நேர் வாரிசு. கல் பாவிய பழைய வாசல்களில் எந்த நாற்காலியைப் போட்டாலும் ஒரு கால் ஆடும். அங்கே போட இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தோன்றவில்லை. கடைசல் பட்டறையும் ஒரு கித்தான் துண்டும் இருந்தால் செய்துவிடலாம்.

பூச்சு விஷயத்தில் அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். வெயிலின் புற ஊதாக்கதிர் மரத்தின் லிக்னினைச் சிதைக்கும். பளபள வார்னிஷ் கண்ணாடிபோல் அந்தக் கதிரை உள்ளே விட்டுவிடுவதால் அடியில் மரம் சிதைந்து, மேலே வார்னிஷ் செதிலாக உரியும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்தால் போதும், வருடத்துக்கு ஒருமுறை மீண்டும் தேய்க்கலாம். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து வெளியிடும் வெப்பத்தில் தானே தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போட வேண்டும். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், சாதா இரும்பு மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கருநீலக் கறையை விடும். கால்களின் அடிமுனைக்கு எண்ணெயை இரண்டு மூன்று முறை ஊறவிட வேண்டும். வாசல் தெளிக்கும் வீட்டில் தினமும் தண்ணீர் குடிக்கப்போவது அந்த முனைதான்.

இவ்வளவுக்கும் முன்னால், நல்ல மரத்தில் ரம்பம் வைப்பதற்கு முன், பழைய பேக்கிங் பலகையும் செங்கல்லும் கொண்டு ஒரு மாதிரி அடுக்க வேண்டும். முன்விளிம்பு 42 சென்டிமீட்டர், சரிவு 10 டிகிரி, முதுகு 25 டிகிரி என்று தொடங்கி, யாருக்காகச் செய்கிறோமோ அவரை அரைமணி நேரம் உட்காரவைக்க வேண்டும். பாட்டியானால் கால் தரையில் முழுதாகப் படிகிறதா, கையூன்றித் துணையில்லாமல் எழுகிறாரா என்று பார்த்து, செங்கல்லை ஏற்றியும் இறக்கியும் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேரனுக்கு அதே மாதிரியில் கால் மடங்கி முழங்கால் தூக்கிக்கொண்டு நிற்கும். இருவருக்கும் நடுவாக ஓர் அளவைப் பிடித்து ஜோடியாக இரண்டு செய்தால் இருவருக்குமே பொருந்தாது. பாட்டிக்கு ஓர் அளவு, பேரனுக்கு ஓர் அளவு என்று வெவ்வேறாகவே செய்து போடலாம். வாசலில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும்போது அந்த நாலைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.